27-ஆவதாக வந்த கார் முதல் பரிசு வாங்கியது எப்படி? 24 மணி நேரக் கார்ப் பந்தய முடிவுகளைப் படிக்கும் முறை

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் அஜித்குமார் அணி 3-ஆம் இடம் பிடித்ததாகச் செய்தி வந்தது. அந்த மகிழ்ச்சியோடு முழு முடிவுப் பட்டியலைத் திறந்தவருக்கு ஒரு குழப்பம். பட்டியலின் முதல் மூன்று வரிகளில் அந்த அணியைக் காணவில்லை. செய்தியும் பொய்யில்லை, பட்டியலும் தப்பில்லை. அணி பிடித்தது தன் பிரிவின் 3-ஆம் இடம். பட்டியலோ எல்லாப் பிரிவுக் கார்களையும் ஒன்றாக வரிசைப்படுத்தியிருந்தது. இந்த வேறுபாடு பிடிபடாத வரை இந்த வகைப் பந்தயத்தின் எந்த முடிவும் பிடிபடாது.

பல பிரிவுக் கார்கள் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் ஓடும் பந்தயங்களில் மிகப் பெயர்பெற்றது பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். 1923-ல் தொடங்கியது. 2024 ஜூன் 15, 16 தேதிகளில் அது 92-ஆவது முறையாக நடந்தது. அதில் ஒட்டுமொத்தமாக 27-ஆம் இடத்தில் முடித்த ஒரு போர்ஷே காரின் மூன்று ஓட்டுநர்களும் வெற்றி மேடையின் உச்சிப் படியில் நின்றார்கள். படிப்பதற்குப் பழக நல்ல பட்டியல் அது. கீழே வரும் விளக்கங்களுக்கு அதையே முதன்மையான எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

ஒரே தடம், மூன்று பந்தயங்கள்

2024 லெ மான் பந்தயத்தில் ஓடியவை 62 கார்கள். அவை மூன்று பிரிவுகள்.

1. ஹைப்பர்கார், 23 கார்கள். பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஃபெராரி, டொயோட்டா, போர்ஷே, காடிலாக், பி.எம்.டபிள்யூ, பெஜோ போன்ற தயாரிப்பாளர்கள் நேரடியாக மோதும் பிரிவு. குறைந்தபட்ச எடை 1,030 கிலோ. இதற்குள் இரண்டு வழிகள் உண்டு. டொயோட்டாவும் ஃபெராரியும் போலக் காரை முழுக்கத் தாமே கட்டலாம். போர்ஷே, காடிலாக் போல, அங்கீகரிக்கப்பட்ட நான்கு நிறுவனங்களில் ஒன்றிடம் அடிச்சட்டம் வாங்கி, எல்லாருக்கும் பொதுவான மின் மோட்டாரைப் பொருத்தி, எஞ்சினையும் வெளி வடிவத்தையும் சொந்தமாகச் செய்யலாம்.

2. எல்எம்பி2, 16 கார்கள். இவையும் பந்தயக் கார்களே, ஆனால் தனியார் அணிகளுக்கானவை. எல்லாமே ஒரேகா 07 கார், எல்லாவற்றிலும் கிப்சன் நிறுவனத்தின் 4.2 லிட்டர் வி8 எஞ்சின். கார் ஒன்றே என்பதால் வேறுபாடு ஓட்டுநரிடமும், எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் கார் வந்து நிற்கும் ‘பிட்’ பகுதியின் பணியாளர்களிடமும்தான்.

3. எல்எம்ஜிடி3 (சுருக்கமாக ஜிடி3), 23 கார்கள். கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் காரை அடிப்படையாகக் கொண்டவை. போர்ஷே 911, ஃபோர்டு மஸ்டாங், பி.எம்.டபிள்யூ எம்4 போன்றவை. ஒவ்வொரு காரிலும் தொழில்முறையாளர் அல்லாத ஓட்டுநர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

எனவே முடிவுப் பட்டியலில் ‘இடம்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஒட்டுமொத்த இடம், மற்றொன்று பிரிவில் இடம். பரிசு, மேடை, சாம்பியன்ஷிப் புள்ளி ஆகிய மூன்றும் பிரிவு இடத்தையே பார்க்கின்றன. ஹைப்பர்காரில் மட்டும் முதலிடம் இரண்டு கணக்கிலும் ஒன்றாகவே அமைந்துவிடுவது வழக்கம்.

இடைவெளியைச் சுற்றில் அளப்பது ஏன்?

குறிப்பிட்ட தொலைவை யார் முதலில் முடிக்கிறார் என்பது ஃபார்முலா 1 பந்தயத்தின் கணக்கு. இங்கே நேரம்தான் நிலையானது. 24 மணி நேரத்தில் யார் அதிகச் சுற்று ஓடுகிறாரோ அவர் முன்னால். சுற்று எண்ணிக்கை சமமானால் மட்டுமே நொடிக் கணக்கு வரும். பட்டியலில் சில கார்களுக்கு எதிரே நொடியும் மற்றவற்றுக்கு எதிரே ‘1 சுற்று’, ‘14 சுற்று’ என்றும் எழுதியிருப்பது இதனால்தான்.

லெ மான் தடத்தின் ஒரு சுற்று 13.626 கி.மீ. உலர்ந்த தடத்தில் பந்தய வேகத்தில் ஹைப்பர்கார் அதை ஏறத்தாழ 3 நிமிடம் 30 நொடியில் சுற்றும், ஜிடி3 கார் ஏறத்தாழ 4 நிமிடத்தில். 210 நொடி, 240 நொடி என்று வைத்துக் கணக்குப் போடலாம். 1,680 நொடியில், அதாவது 28 நிமிடத்தில், ஹைப்பர்கார் 8 சுற்று ஓடியிருக்கும், ஜிடி3 கார் 7 சுற்று. ஆக 28 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஹைப்பர்காரும் ஒவ்வொரு ஜிடி3 காரையும் கடந்தாக வேண்டும். 23 ஹைப்பர்கார்களும் ஓடிக்கொண்டிருந்தால், ஜிடி3 ஓட்டுநர் சராசரியாக 73 நொடிக்கு ஒருமுறை ஒரு ஹைப்பர்காரைத் தன்னைத் தாண்டவிடுகிறார். அதுவும் இரவில், கண்ணாடியில் முகப்பு விளக்கு மட்டுமே தெரியும் நிலையில். இடையில் எல்எம்பி2 கார்களும் வரும். தனக்கு முன்னால் ஓடும் போட்டியாளரைப் பிடிப்பதைவிட, பின்னால் வருகிறவர்களுக்கு நேரம் இழக்காமல் வழிவிடுவதுதான் அந்தப் பிரிவில் பாதி வேலை. ஒட்டுமொத்த 27-ஆம் இடத்தைச் சிறியதாக நினைப்பவர் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

2024 பட்டியலில் மூன்று வெற்றியாளர்கள்

1. ஹைப்பர்கார்: 50-ஆம் எண் ஃபெராரி 499பி. ஓட்டுநர்கள் அந்தோனியோ ஃபுவோகோ, மிகெல் மொலினா, நிக்லாஸ் நீல்சன். 311 சுற்று. ஒட்டுமொத்தமாகவும் முதலிடம்.

2. எல்எம்பி2: 22-ஆம் எண் யுனைடெட் ஆட்டோஸ்போர்ட்ஸ். ஓட்டுநர்கள் ஆலிவர் ஜார்விஸ், பிஜோய் கார்க், நோலன் சீகல். 297 சுற்று. ஒட்டுமொத்தமாக 15.

3. எல்எம்ஜிடி3: 91-ஆம் எண் மாந்தே அணியின் போர்ஷே. ஓட்டுநர்கள் யாசர் ஷாஹின், மோரிஸ் ஸ்கூரிங், ரிச்சர்ட் லீட்ஸ். 281 சுற்று. ஒட்டுமொத்தமாக 27.

முதல் காருக்கும் ஜிடி3 வெற்றியாளருக்கும் 30 சுற்று இடைவெளி. தொலைவில் சொன்னால் சுமார் 409 கி.மீ. பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், மேலே போட்ட கணக்கின்படி இது குறைவு. 8-க்கு 7 என்ற விகிதத்தில் 311 சுற்றுக்கு ஜிடி3 கார் 272 சுற்றுதான் ஓடியிருக்க வேண்டும். ஓடியது 281. கூடுதலான 9 சுற்றுக்கு முக்கியக் காரணம் அன்றிரவு பெய்த மழை.

மழை, சேஃப்டி கார், ஒரே சுற்றில் ஒன்பது கார்கள்

இரவு முழுக்க விட்டுவிட்டுப் பெய்த மழையில் தடம் ஓட்டத் தகுதியில்லாமல் போனது. ஆபத்தான நேரத்தில் எல்லாரையும் மெதுவாக்க முன்னே ஓடும் அமைப்பாளர்களின் காரான சேஃப்டி கார் 4 மணி நேரத்துக்கும் மேலாகக் களத்தில் இருந்தது. சேஃப்டி கார் முன்னே போகும்போது யாரும் யாரையும் முந்தக் கூடாது. ஹைப்பர்காரும் ஜிடி3 காரும் ஒரே வேகத்தில்தான் ஊர்ந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளி வளராது. 281-க்கும் 272-க்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேதான் பிறந்தது.

மொத்தச் சுற்று எண்ணிக்கையும் இதனால் சரிந்தது. 2023-ல் வென்ற ஃபெராரி 342 சுற்று ஓடியது. வானிலை ஒத்துழைத்த 2025-ல் வென்ற கார் 387 சுற்று. 2024-ன் 311 சுற்று என்பது 4,238 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஓராண்டின் சுற்று எண்ணிக்கையை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட்டு ‘கார்கள் மெதுவாகிவிட்டன’ என்று முடிவு கட்டுவது தவறு. முதலில் அந்த ஆண்டு சேஃப்டி கார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு விளைவும் உண்டு. 2023 முதல் லெ மானில் நீண்ட சேஃப்டி கார் நேரத்தின் முடிவில் கார்களை ஒழுங்குபடுத்தும் முறை மாறியது. படிப்படியாகச் சொன்னால்:

1. 13 கி.மீ.க்கு மேல் நீளும் தடம் என்பதால் முதலில் மூன்று சேஃப்டி கார்கள் மூன்று இடங்களில் நுழைகின்றன.
2. பிறகு எல்லாக் கார்களும் ஒரே சேஃப்டி காரின் பின்னால் ஒரே வரிசையாகச் சேர்கின்றன.
3. வரிசையில் தன் பிரிவின் முதல் காருக்கு முன்னால் மாட்டிக்கொண்ட கார்கள், முந்திச் சென்று சுற்றி வந்து வரிசையின் கடைசியில் சேர அனுமதி பெறுகின்றன. இழந்த ஒரு சுற்று அவற்றுக்குத் திரும்பக் கிடைக்கிறது.
4. கடைசியாகப் பிரிவு வாரியாக வரிசை அமைகிறது. ஹைப்பர்கார்கள் முன்னால், எல்எம்பி2 நடுவில், ஜிடி3 பின்னால்.

முன்பெல்லாம் மூன்று சேஃப்டி கார்களில் எதன் பின்னால் மாட்டினோம் என்பதே பந்தயத்தை முடித்துவிடும். தப்பான சேஃப்டி காரின் பின்னால் நின்றவர் ஒரு தப்பும் செய்யாமலே நிமிடக்கணக்கில் இழப்பார். புதிய முறை அந்தக் கொடுமையை நீக்கியது. ஆனால் மணிக்கணக்கில் உழைத்துச் சேர்த்த முன்னிலையும் அதில் கரைந்துபோகிறது. 2024-ல் 24 மணி நேரம் ஓடிய பிறகும் முதல் காரையும் சேர்த்து ஒன்பது ஹைப்பர்கார்கள் ஒரே சுற்றில் இருந்தன. நான் புதிய முறையின் பக்கம்தான். ஆனாலும் பட்டியலில் ‘ஒரே சுற்றில்’ என்று இருக்கும் காரெல்லாம் வேகத்தில் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

14.221 நொடி எங்கிருந்து வந்தது?

முதலிடத்துக்கும், ஹோசே மரியா லோபெஸ், கமுய் கோபயாஷி, நிக் டி ஃப்ரீஸ் ஓட்டிய 7-ஆம் எண் டொயோட்டாவுக்கும் இடையே 14.221 நொடி. இதைப் புரிந்துகொள்ள ஹைப்பர்கார் பிரிவின் ஆற்றல் கணக்கு தெரிய வேண்டும்.

ஹைப்பர்காரில் சக்கரத்துக்குப் போகும் அச்சுத்தண்டுகளில் முறுக்குவிசையை அளக்கும் உணரிகள் இருக்கும். இரண்டு பிட் நிறுத்தங்களுக்கு இடையே கார் எவ்வளவு ஆற்றல் செலவிடலாம் என்பதற்கு மெகாஜூல் கணக்கில் ஓர் உச்சவரம்பு உண்டு. டேங்கில் எரிபொருள் மிச்சமிருந்தாலும் அந்த அளவு தீர்ந்தால் பிட்டுக்கு வந்தே ஆக வேண்டும். தாண்டினால் தண்டனை. தொலைக்காட்சித் திரையில் சதவீதமாகக் காட்டப்படுவது இந்த ஒதுக்கீட்டின் மிச்சம்தான்.

பந்தயம் முடிய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்கையில் 50-ஆம் எண் ஃபெராரியின் வலப்பக்கக் கதவு சரியாக மூடாமல் ஆடத் தொடங்கியது. ஆரஞ்சு வட்டமிட்ட கறுப்புக் கொடி காட்டப்பட்டது. ‘உன் காரில் ஆபத்தான பழுது இருக்கிறது, பிட்டுக்கு வந்து சரிசெய்’ என்பது அதன் பொருள். கதவை மூடத் திட்டத்துக்கு முன்பே பிட்டுக்கு வந்ததால் அணியின் நிறுத்தக் கணக்கு முழுக்கக் கலைந்தது. எஞ்சிய நேரத்துக்கு வேண்டிய நிறுத்தங்களை முன்கூட்டியே முடித்துவிட்டு, கடைசி ஒதுக்கீட்டை நீட்டி நீட்டிச் செலவிடும் நிலைக்கு நீல்சன் வந்தார். கோட்டைக் கடக்கும்போது அவரிடம் மிச்சம் 2 சதவீதம். அதாவது அந்த 14 நொடி, மிச்சம் பிடித்து ஓட்டிய ஒருவர் கையில் வைத்திருந்த முன்னிலை. மறுபக்கம் லோபெஸும் இறுதிக்கட்டத்தில் ஈரத் தடத்தில் ஒருமுறை சுழன்று நேரத்தை இழந்தார். இரண்டில் ஒன்று நடக்காமல் இருந்திருந்தால் இடைவெளி வேறாக இருந்திருக்கும்.

பிரிவுக்குள்ளும் ஒரு சமன்பாடு

ஒரே பிரிவில் வேறுவேறு வடிவமைப்புகள் மோதுவதால், ஒவ்வொரு மாதிரிக்கும் எடை, எஞ்சின் திறன், மேற்சொன்ன ஆற்றல் அளவு ஆகியவற்றை அமைப்பாளர்கள் கூட்டிக் குறைக்கிறார்கள். செயல்திறனைச் சமப்படுத்துவது நோக்கம். 2023 லெ மானுக்குச் சில நாள் முன்பு டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24 கிலோ, காடிலாக்குக்கு 11 கிலோ, போர்ஷேவுக்கு 3 கிலோ கூட்டப்பட்டது. அந்த ஆண்டு ஃபெராரி வென்றது. இந்த எண்களைப் பார்க்காமல் ‘ஃபெராரி காரே சிறந்தது’ என்றோ ‘எடையால்தான் டொயோட்டா தோற்றது’ என்றோ சொல்பவர் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்.

ஜிடி3-யில் காரைவிட ஓட்டுநர் கலவையே பெரிது. ஓட்டுநர்களை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு தரமாகப் பிரிக்கிறது சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு (எஃப்.ஐ.ஏ.). எல்எம்ஜிடி3 காரில் ஒரு வெண்கல ஓட்டுநர் இருந்தே ஆக வேண்டும். அவர் ஓட்ட வேண்டிய குறைந்தபட்ச நேரமும் உண்டு. ஒரு வெண்கல ஓட்டுநர் 6 மணி நேரம் ஓட்டினால் சுமார் 90 சுற்று. எதிரணியின் வெண்கல ஓட்டுநரைவிடச் சுற்றுக்கு 3 நொடி பின்தங்கினால் 270 நொடி, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு மேல். பிளாட்டினம் ஓட்டுநர் இருவருக்கு இடையே சுற்றுக்கு அரை நொடி வேறுபாடு வருவதே அரிது. வெற்றி எங்கே தீர்மானமாகிறது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். ரிச்சர்ட் லீட்ஸ் போன்ற தேர்ந்த தொழில்முறையாளர் கடைசியில் காரைக் கோட்டுக்குக் கொண்டுவருவார், ஆனால் பந்தயத்தை அவர் கையில் கொடுக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது வெண்கல ஓட்டுநர்.

ஓடி முடித்தும் பட்டியலில் இல்லாமல் போவது

முடிவில் இடம்பெற இரண்டு நிபந்தனைகள் முக்கியம்.

1. 24 மணி நேரம் முடிந்த பிறகு கட்டம்போட்ட கொடியின் கீழ் கோட்டைக் கடக்க வேண்டும். 23 மணி நேரம் ஓடிவிட்டுக் கராஜில் நின்ற கார் கணக்கில் வராது.
2. ஒட்டுமொத்த வெற்றியாளர் ஓடிய தொலைவில் 70 சதவீதமாவது ஓடியிருக்க வேண்டும். 2024-ல் அது 218 சுற்று.

விபத்துக்குப் பிறகு மணிக்கணக்கில் பழுதுபார்த்து மீண்டும் வரும் கார்கள், ஜெயிக்க வாய்ப்பே இல்லாதபோதும் ஏன் ஓடுகின்றன என்பதற்கு இரண்டாவது விதியில் விடை இருக்கிறது.

கடைசிச் சுற்றுக்கும் நேர வரம்பு உண்டு. அதன் கொடுமையை 2016 போல வேறு எந்த ஆண்டும் காட்டியதில்லை. சில நிமிடங்களே மிச்சமிருக்க, முன்னிலையில் ஓடிய 5-ஆம் எண் டொயோட்டா திறன் இழந்தது. கசுகி நகஜிமா காரை நேர்க்கோட்டுப் பகுதியில் நிறுத்தினார். போர்ஷே முந்தி வென்றது. டொயோட்டா எப்படியோ நகர்ந்து கோட்டைக் கடந்தது, வெற்றியாளரைப் போலவே 384 சுற்று. ஆனால் கடைசிச் சுற்றுக்கு எடுத்தது 11 நிமிடத்துக்கும் மேல். அன்றைய வரம்பு 6 நிமிடம். இரண்டாம் இடம்கூட இல்லை. பட்டியலில் அதற்கு இடமே கொடுக்கப்படவில்லை.

மேடையில் பார்த்தது இறுதி முடிவு இல்லை

பந்தயம் முடிந்ததும் வருவது தற்காலிகப் பட்டியல். பிறகு தொழில்நுட்பச் சோதனை நடக்கும். 2025-ல் 50-ஆம் எண் ஃபெராரி தடத்தில் 4-ஆம் இடம் பிடித்தது. மறுநாள் சோதனையில் பின் இறக்கையின் தாங்கியில் போல்ட்டுகள் காணாமல் போயிருந்தது தெரிந்தது. இறக்கை அனுமதித்த அளவைவிட அதிகமாக வளைந்தது. கார் தகுதிநீக்கம் செய்யப்பட, 12-ஆம் எண் காடிலாக் 4-ஆம் இடத்துக்கு ஏறியது. போல்ட்டை வேண்டுமென்றே கழற்றினார்களா, அதிர்வில் தளர்ந்ததா என்று விதி கேட்பதில்லை. வளைந்து கொடுக்கும் இறக்கை நேர்க்கோட்டில் காற்றுத் தடையைக் குறைத்து வேகம் கூட்டும் என்பதால் அளவுதான் பேசும். ஞாயிறு மாலை எழுதிய செய்தியும் செவ்வாய்க்கிழமை படிக்கும் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

புள்ளி யாருக்கு?

நீண்டநேரக் கார்ப் பந்தயங்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப்பின் ஒரு கட்டமாக லெ மான் நடக்கிறது. இங்கே புள்ளி இரட்டிப்பு, முதலிடத்துக்கு 25-க்குப் பதில் 50. ஆனால் தடத்தில் ஓடிய எல்லாரும் சாம்பியன்ஷிப்பில் இல்லை. 2024 முதல் எல்எம்பி2 பிரிவு லெ மானுக்கு மட்டும் வருகிறது, உலகச் சாம்பியன்ஷிப்பில் அதற்கு இடமில்லை.

2025-ல் இந்த வேறுபாடு வெற்றியாளரையே தொட்டது. ராபர்ட் குபிட்சா, யே யிஃபெய், ஃபில் ஹான்சன் ஓட்டிய 83-ஆம் எண் மஞ்சள் ஃபெராரி, 6-ஆம் எண் போர்ஷேவை 14.084 நொடி முந்தி வென்றது. ஓட்டுநர்களுக்குப் புள்ளி உண்டு. ஆனால் அந்தக் கார் தனியார் அணியாகப் பதிவானது, ஃபெராரியின் தொழிற்சாலை அணியாக அல்ல. எனவே லெ மானை வென்ற ஃபெராரி, தயாரிப்பாளர் சாம்பியன்ஷிப் கணக்கில் அந்த வெற்றியைச் சேர்க்க முடியவில்லை.

இனி ஒரு செய்தியை எடுத்து வைத்துப் பார்க்கலாம்

‘இன்னார் அணி இத்தனையாம் இடம்’ என்று பார்த்ததும் இந்த வரிசையில் கேட்க வேண்டும்:

1. அது ஒட்டுமொத்த இடமா, பிரிவில் இடமா?
2. அந்தப் பிரிவில் எத்தனை கார் ஓடின, எத்தனை முடித்தன?
3. பிரிவின் முதல் காரோடு இடைவெளி நொடியிலா, சுற்றிலா?
4. பட்டியல் தற்காலிகமா, இறுதியா?
5. அந்தக் காரை ஓட்டியவர் யார் யார்?

ஐந்தாவது கேள்வி தேவையற்றதாகத் தோன்றலாம். துபாய் செய்திக்கு அதுதான் முக்கியம். பயிற்சியில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு அஜித்குமார் 901-ஆம் எண் போர்ஷே கோப்பைக் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து விலகினார். தன் பிரிவில் 3-ஆம் இடம் பிடித்தது அந்தக் கார்தான், மற்ற ஓட்டுநர்களின் கையில். அவர் பந்தயத்தில் ஓட்டியது ஜிடி4 பிரிவில் 414-ஆம் எண் போர்ஷே கேமன். மேடை ஏறியது அணி உரிமையாளராக.

சென்னையைச் சேர்ந்த பந்தய ஓட்டுநர் கருண் சந்தோக்கின் 2012 லெ மான் முடிவு வேறு விதம். டேவிட் பிராபம், பீட்டர் டம்ப்ரெக் ஆகியோருடன் ஜே.ஆர்.எம். அணியின் எச்.பி.டி. காரை ஓட்டி 6-ஆம் இடம் பெற்றார். அந்த ஆண்டு முதல் ஆறு இடங்களையும் உச்சப் பிரிவான எல்எம்பி1 கார்களே பிடித்தன. ஆகவே அந்த 6, ஒட்டுமொத்தத்திலும் 6, பிரிவிலும் 6. முன்னால் இருந்த ஐந்தில் நான்கு, தொழிற்சாலையே நேரடியாக இறக்கிய ஆடி கார்கள்.